வீட்டுத் தோட்டத்துக்கு எந்தத் தேனீ? அடுக்குத் தேனீ, இத்தாலியத் தேனீ, கொசுத்தேனீ: ஓர் ஒப்பீடு

சித்தப்பா மகன் போன வாரம் போன் செய்தான். "அண்ணே, வீட்டுல தேனீப் பெட்டி ஒண்ணு வைக்கலாம்னு இருக்கேன். எந்த இனம் அதிகமா தேன் தரும்?" என்றான். பலரும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். நான் அவனிடம் திருப்பிக் கேட்டது இரண்டு கேள்விகள். வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் எந்த மாதத்தில் என்ன பூக்கிறது? வாரத்துக்கு ஒரு மணி நேரம் பெட்டிக்கென்று ஒதுக்க முடியுமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் இனம் தானாகவே முடிவாகிவிடும்.

நம் ஊரில் பெட்டியில் வளர்ப்பவை மூன்று. அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத் தேனீ, அதாவது இந்தியத் தேனீ. அப்புறம் இத்தாலியத் தேனீ. மூன்றாவது, கொட்டாத கொசுத்தேனீ. பெரிய மரங்களிலும் பாறைகளிலும் தொங்கும் மலைத்தேனீயும், புதருக்குள் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீயும் பெட்டிக்குள் அடங்காதவை.

தேன் அளவை மட்டும் பார்த்தால் இத்தாலியத் தேனீயை மற்ற இரண்டாலும் நெருங்க முடியாது. நன்றாகப் பராமரித்து, பூ இருக்கும் இடத்துக்கெல்லாம் பெட்டியைக் கொண்டுபோனால் வருடத்துக்கு 25 முதல் 40 கிலோ வரை எடுக்கலாம். இந்தியத் தேனீ என்றால் 5 முதல் 10 கிலோ. கொசுத்தேனீக்குக் கணக்கே கிராமில்தான். அரைக் கிலோ கிடைத்தால் நல்ல பெட்டி.

ஆனால் "பெட்டியைக் கொண்டுபோனால்" என்ற வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. இத்தாலியத் தேனீ 1960-களில் பஞ்சாப் பக்கம் நிலைபெற்ற இனம். கடுகும் சூரியகாந்தியும் ஏக்கர் கணக்கில் பூக்கும் நிலங்கள் அவை. ஒரு பயிர் முடிந்ததும் பெட்டிகளை லாரியில் ஏற்றி அடுத்த பயிருக்குப் போய்விடுவார்கள். பெரிய குடும்பம், பெரிய பசி. அதை நம் வீட்டுக் கொல்லையில் ஐந்து தென்னை, இரண்டு முருங்கையை நம்பி ஒரே இடத்தில் வைத்தால், வருடத்தில் பாதி நாள் சர்க்கரைப் பாகு கொடுத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும். பத்துச் சட்டப் பெட்டி (சட்டம் என்பது தேனீ அடை கட்ட உள்ளே தொங்கவிடும் மரச் சட்டகம்) தேனோடு நிறைந்திருக்கும்போது தூக்க இரண்டு பேர் வேண்டும். வியாபாரமாகச் செய்கிறவர்களுக்கு இது சரியான தேனீ. பொழுதுபோக்குக்கு ஒரு பெட்டி, இரண்டு பெட்டி வைக்கிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு காரணம், உண்ணி. வரோவா என்ற சிவப்பு உண்ணி தேனீயின் உடம்பில் ஒட்டிக்கொள்ளும், கூட்டுப்புழு அறைக்குள் புகுந்து பெருகும். இந்தியத் தேனீயோடு காலங்காலமாக இருந்துவந்த உண்ணி அது. அதனால் இந்தியத் தேனீக்கு அதைச் சமாளிக்கத் தெரியும். ஒன்றின் உடம்பிலிருந்து இன்னொன்று கடித்து எடுத்துப் போட்டுவிடும். இத்தாலியத் தேனீக்கு அந்தப் பழக்கம் போதாது. வளர்க்கிறவர் கவனித்து மருந்து வைக்காவிட்டால் குடும்பமே அழிந்துவிடும்.

இந்தியத் தேனீக்கும் ஒரு பெரிய சோதனை வந்தது. 1991-92 வாக்கில் தாய்லாந்து சாக்புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் பரவியது. புழு அறைக்குள்ளேயே தலையைத் தூக்கியபடி, தண்ணீர் கோத்த பை மாதிரி செத்துக் கிடக்கும். குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பெட்டி வைத்திருந்தவர்கள் காலிப் பெட்டிகளை அடுக்கிவைத்த காலம் அது. தாக்குப்பிடித்த கூட்டங்களிலிருந்து பிரித்துப் பிரித்துத்தான் மறுபடி பெருக்கினார்கள். இன்று மார்த்தாண்டம் தேன் புவிசார் குறியீடு வாங்கி நிற்கிறது என்றால், அந்தப் பொறுமையும் அதற்குள் இருக்கிறது. பெட்டி வாங்கும்போது ஒரு சட்டத்தைத் தூக்கிப் புழுக்களைப் பார்த்து வாங்குங்கள். முத்துப்போல வெள்ளையாக, அறைக்குள் வளைந்து படுத்திருக்க வேண்டும்.

என்னிடம் இருப்பதும் இந்தியத் தேனீதான், நியூட்டன் பெட்டியில். 1910-களில் திருச்சியில் இருந்த நியூட்டன் என்ற பாதிரியார், நம் தேனீயின் அளவுக்கென்றே வடிவமைத்த பெட்டி. கீழே புழு அறையில் ஏழு சட்டங்கள், மேலே உயரம் குறைந்த தேன் அறை. ஒருவரே தூக்கலாம், திறக்கலாம், மூடலாம். மூடியை லேசாகத் தட்டினால் உள்ளிருந்து "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சீறல் எழுந்து அலைபோல ஓடி அடங்கும். முதன்முதலில் கேட்டபோது கை பின்வாங்கிவிட்டது. இப்போது அந்தச் சத்தம் கேட்காவிட்டால்தான் எனக்குக் கவலை.

சட்டத்தைத் தூக்கி, முதுகுப் பக்கமிருந்து வெயில் விழும்படி நின்று பாருங்கள். மேல் விளிம்பில் வெள்ளை மெழுகு மூடிய தேன். அதற்குக் கீழே மஞ்சளும் ஆரஞ்சுமாக மகரந்தம். அதற்கும் கீழே பழுப்பு மூடி போட்ட கூட்டுப்புழு அறைகள். திறந்திருக்கும் அறையின் அடியில் வெள்ளை நூல் துண்டுபோல ஒரு முட்டை குத்திட்டு நின்றால், ராணி இரண்டு மூன்று நாளைக்குள் அங்கே வந்து போயிருக்கிறாள் என்று அர்த்தம். ராணியைத் தேடி அலையவே வேண்டாம். ஒன்று மட்டும்: புது அடை வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும். சட்டத்தைச் செங்குத்தாகவே பிடிக்க வேண்டும். படுக்கப் போட்டால் அடை ஒடிந்து காலடியில் விழும்.

இந்தத் தேனீயின் குறை, ஓடிப்போவது. எறும்பு வந்தாலும், மெழுகுப்பூச்சி புகுந்தாலும், உணவு இல்லையென்றாலும், நாம் அடிக்கடி தொந்தரவு செய்தாலும் மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும். என் முதல் பெட்டி அப்படித்தான் போனது. ஆர்வத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறை திறந்து பார்த்தேன். ஆடி மாத மழை, வெளியே பூவும் இல்லை. ஒரு நாள் காலையில் வாசலில் போக்குவரத்தே இல்லை. திறந்தால் ஏழு அடையும் வெறுமையாக இருந்தன. இப்போது வாரத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் திறக்கிறேன். பூ இல்லாத காலத்தில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்து, பொழுது சாய்ந்த பிறகு உள்ளே வைக்கிறேன். பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும்.

எங்கள் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பரிலிருந்து வருகிறது. பூவிலிருந்து இல்லை, இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பு நுனியிலுள்ள சுரப்பிகள் இனிப்பு நீர் சுரக்கும். மாசி, பங்குனியில் தேன் அறை ஏழெட்டு நாளைக்கு ஒருமுறை நிறையும். அடையில் முக்கால் பங்காவது மூடிய பிறகு எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் நீர்த்த தேன்தான் கிடைக்கும், சீக்கிரம் புளித்துவிடும். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். உறைந்ததைப் பார்த்துக் கலப்படம் என்று யாரும் தூக்கிப்போட வேண்டாம்.

சரி, தோட்டமே இல்லை, மொட்டை மாடிதான் இருக்கிறது, பக்கத்து வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். அப்படியானால் யோசிக்காமல் கொசுத்தேனீ. கொடுக்கு பயன்படாத அளவுக்குச் சிறுத்துப்போன இனம். தொந்தரவு செய்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். பழைய சுவர் வெடிப்பிலும் மீட்டர் பெட்டியிலும் இவை குடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: பிசினும் மெழுகும் குழைத்துச் செய்த ஒரு சின்னக் குழல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் வாயில் நாலைந்து காவல் தேனீக்கள் தலையை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே சட்டமும் கிடையாது, அடுக்கடையும் கிடையாது. திராட்சைக் கொத்துபோலத் தேன் குடங்கள். தேங்காய்ச் சிரட்டை, மூங்கில், மண்பானை, சிறிய மரப்பெட்டி எதிலும் இருக்கும். முட்டையிடத் தொடங்கிய ராணியின் வயிறு ஊதிப் பறக்க முடியாமல் போவதால், இந்தியத் தேனீபோலச் சட்டென்று ஓடிப்போகாது. தேன் புளிப்பு கலந்த இனிப்பு, நீர்ப்பதம் அதிகம், ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. தேனுக்காக இதை வளர்த்தால் ஏமாற்றம்தான். ஆனால் மாடித் தோட்டத்தில் மிளகாயும் துளசியும் வைத்திருப்பவருக்கு நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க இதைவிட நல்ல துணை இல்லை.

கொட்டுவதைப் பொறுத்தவரை மற்ற இரண்டும் கொட்டும். கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும். அதை உடனே நகத்தால் வழித்து எடுத்துவிடுங்கள், தாமதித்தால் விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும். மூச்சுத் திணறினாலோ, முகமோ நாக்கோ வீங்கினாலோ நேரே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வீட்டில் யாருக்காவது முன்பு அப்படி ஆகியிருந்தால் கொசுத்தேனீயைத் தவிர வேறு பேச்சே வேண்டாம்.

தம்பிக்கு நாகர்கோவில் பக்கம் பத்து சென்ட் இடம், சுற்றிலும் தென்னை, வேலியில் முருங்கை, கொஞ்ச தூரத்தில் ரப்பர். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பான். அவனுக்கு இந்தியத் தேனீ என்று சொல்லிவிட்டேன். ஒன்று வேண்டாம், இரண்டு பெட்டி வாங்கச் சொன்னேன். ஒன்றில் ராணி போய்விட்டால் மற்றதிலிருந்து முட்டை இருக்கும் சட்டம் ஒன்றைக் கொடுத்துப் புது ராணி வளர்க்க வைக்கலாம். தை மாதம் வாங்கினால் வந்த கையோடு ரப்பர் தளிர் கிடைக்கும். பொழுது இருட்டியதும் வாசலை அடைத்துக் கொண்டுவந்து, நிழலில், கிழக்குப் பார்த்து, தாங்கிக் கால்களை எறும்புக்குத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, வாசலைத் திறந்துவிட வேண்டும். "அப்புறம் ஒரு வாரம் மூடியைத் தொடாதே" என்றேன். "ஒரு வாரமா அண்ணே?" என்று இழுத்தான். வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலில் மகரந்தப் பொட்டலத்தோடு எத்தனை வந்து இறங்குகின்றன என்று எண்ணிக்கொண்டிருக்கச் சொல்லியிருக்கிறேன்.