கோட்லின் ‘வால்’: பெயருக்கேற்ற சேட்டையும் உண்டு

ஜாவா என்ற நிரல் மொழியில் ஃபைனல் (final) எழுதிப் பழகிய கை என்னுடையது. ஐந்து வருடத்துக்கு முன் டீம் மொத்தமும் கோட்லின் என்ற இன்னொரு நிரல் மொழிக்கு மாறியபோது நானும் மாறினேன். மொழி முழுவதையும் அளக்கப் போவதில்லை, தினமும் நூறு தடவை கையில் படும் வால் (val) என்ற ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் பிடித்தது அதன் நீளம். சிரிக்காதீர்கள். ஜாவாவில் ஒரு மாறிக்கு ஒரே ஒரு முறைதான் மதிப்பு வைக்கலாம் என்று பூட்ட வேண்டுமானால் ஃபைனல் என்று தனியாக எழுத வேண்டும், பூட்டாமல் விடுவதற்கு ஒன்றுமே செய்ய வேண்டாம், அப்போது நம்மைப் போன்ற சோம்பேறிகள் எதைச் செய்வோம்? கோட்லினில் பூட்டினால் வால், பூட்டாவிட்டால் வார் (var), இரண்டும் ஒரே அளவு, ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வார் போட்டுவிட்டு எங்கேயும் மாற்றவில்லையென்றால் நிரல் எழுத உதவும் இன்டெல்லிஜே எடிட்டர் அதைப் பிடித்து, வாலாக்கு என்கிறது. (ஜாவாவில் கான்ஸ்ட் என்ற சொல்லையும் ஆரம்பத்திலிருந்தே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், இன்றுவரை அதற்கு ஒரு வேலையும் இல்லை. துண்டு போட்டு சீட் பிடித்துவிட்டு பஸ்ஸில் ஏறாத ஆள் மாதிரி.)

உண்மையான லாபம் நல் (null, மதிப்பே இல்லாத நிலை) சோதனையில் தெரியும். கிளாஸுக்குள் இருக்கும் ஒரு வார், நல் இல்லை என்று இஃப் போட்டுப் பார்த்த பிறகும் கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கருவி) நம்பாது, நடுவில் கூடவே ஓடும் வேறொரு த்ரெட் மாற்றியிருக்கலாமே என்று அடம்பிடிக்கும். அதையே வாலாக்கினால் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்கிறது.

சரி, இனி குறைகள். வால் என்றால் மாறிலி என்று நினைத்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரு முறை அடி வாங்குகிறார்கள். பூட்டப்படுவது பெயர்தான், பெயர் காட்டும் பொருள் அல்ல. மியூட்டபிள் லிஸ்டை (மாற்றக்கூடிய பட்டியலை) வாலில் வைத்துவிட்டு ஆயிரம் உருப்படி சேர்த்துக்கொண்டே போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஜாவாவின் ஃபைனலும் இதே கதைதான் என்பதால் இதற்குக் கோபமில்லை. கோபம் கெட்டர் (மதிப்பைக் கேட்கும்போது ஓடும் சிறு நிரல்) மேல். வாலுக்கு நாமே கெட்டர் எழுதி அதற்குள் இப்போதைய நேரத்தைத் திருப்பிக் கொடுத்தால், ஒவ்வொரு முறை கேட்கும்போதும் வேறு மதிப்பு வரும், பெயர் மட்டும் வால்! இதற்கு வேறு சொல் வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அப்புறம் கான்ஸ்ட் வால் (const val), அதாவது நிஜமான மாறிலி. எண்கள், பூலியன், ஸ்ட்ரிங் போன்ற எளிய வகைகளுக்கு மட்டும், அதுவும் கம்பைல் செய்யும்போதே மதிப்பு தெரிந்தால் மட்டும். என் பழைய ஆபீஸில் பொது லைப்ரரி ஒன்றில் டைம்அவுட் 30 நொடி என்று கான்ஸ்ட் வாலில் இருந்தது. அதை 60 ஆக்கி, லைப்ரரியின் ஜார் கோப்பை மட்டும் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். மறுநாளும் சரியாக முப்பதாவது நொடியில் கனெக்ஷன் அறுகிறது. பாதி நாள் நெட்வொர்க் ஆட்களைத் திட்டித் தீர்த்த பிறகுதான் உறைத்தது: கான்ஸ்ட் மதிப்பைக் கம்பைலர் பயன்படுத்துகிற இடத்திலேயே நகல் எடுத்து ஒட்டிவிடுகிறது, அந்த லைப்ரரியைப் பயன்படுத்தும் சர்வீஸை மறுபடி கம்பைல் செய்யாதவரை அதற்குள் பழைய 30தான். ஜாவாவின் ஸ்டாட்டிக் ஃபைனல் எண்ணிலும் இதே பொறி உண்டு, ஆனாலும் நான் விழுந்தது இங்கேதான்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். பிறர் பயன்படுத்தும் லைப்ரரியில், என்றாவது மாறக்கூடிய மதிப்பு என்றால் கான்ஸ்டை எடுத்துவிட்டு வெறும் வால் போடுங்கள், அது கெட்டர் வழியாகப் போவதால் புது ஜார் வந்ததும் புது மதிப்பு கிடைக்கும். அனொட்டேஷனுக்குள் (@ போட்டு நிரலில் ஒட்டும் குறிப்புக்குள்) வைக்க வேண்டியதற்கு மட்டும் கான்ஸ்ட் இல்லாமல் முடியாது.