மோர்ப் பந்தலுக்குக் கல் உப்பா, தூள் உப்பா?

மயிலாப்பூரில் எங்கள் தெருமுனையில் நான்கு வருடங்களாகக் கத்திரி வெயிலுக்கு மோர்ப் பந்தல் போடுகிறோம். முதல் வருடம் 20 லிட்டர் மண்பானையில் கல் உப்பைக் கைப்பிடிக் கணக்காகப் போட்டு, அகப்பையால் நான்கு சுற்றுச் சுற்றினோம். முதல் டம்ளரைக் குடித்த ஆட்டோ ஓட்டுநர், "உப்பே போடவில்லையா சார்?" என்று கேட்டார். மதியம் பானை அடிக்கு வந்தபோது பூக்கார அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பானையைச் சாய்த்துப் பார்த்தால், மிளகளவுக் கற்கள் கரையாமல் அடியில் கிடந்தன.

ஐஸ் போட்டதால்தான் உப்பு கரையவில்லை என்று பந்தலில் எல்லோரும் சொன்னார்கள். அது பாதிதான் உண்மை. குளிர்ச்சி கரையும் வேகத்தைக் குறைக்கும். ஆனால் எவ்வளவு உப்பு கரையும் என்ற உச்ச அளவை அநேகமாகத் தொடுவதே இல்லை. 100 கிராம் நீரில் 0 டிகிரியில் 35.7 கிராம் சமையல் உப்பு கரையும். கொதிநிலையில்கூட 39 கிராம்தான். சர்க்கரை அப்படியல்ல: 0 டிகிரியில் சுமார் 180 கிராம் என்றால், கொதிநிலையில் 480 கிராமுக்கும் மேல். எங்கள் பானைக்குத் தேவைப்பட்டதோ 100 கிராம் உப்பு, அதாவது அரை சதவீதம். இடத்துக்குக் குறைவில்லை. கல் பெரிது, கலக்கியது போதவில்லை, அவ்வளவுதான்.

தூள் உப்பு அந்தச் சிக்கலை உடனே தீர்க்கிறது. ஒரு கல்லைப் பத்தில் ஒரு பங்கு பக்க அளவுள்ள துணுக்குகளாக உடைத்தால், நீர் தொடும் மொத்தப் பரப்பு பத்து மடங்காகிறது. இரண்டாம் வருடம் தூளுக்கு மாறினோம், கட்டி கிடக்கவில்லை. ஆனால் அளவு பிசகியது. ஒருவர் கரண்டியைத் தலைதட்டிப் போடுவார், அடுத்தவர் குவித்துப் போடுவார், மூன்றாமவர் ஏற்கெனவே போட்டது தெரியாமல் இன்னொரு முறை போடுவார். கூடிப்போன உப்பை எடுக்க முடியாது. தயிரும் தண்ணீரும் சேர்த்துப் பானையைப் பெருக்க வேண்டியதுதான்.

மூன்றாம் வருடத்திலிருந்து நாங்கள் பிடித்துக்கொண்டது கல் உப்பைத்தான், ஆனால் நேரடியாக அல்ல, உப்புத் தண்ணீராக. ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் காய்ச்சி ஆறிய நீர். அரைக் கிலோ கல் உப்பை வெள்ளைத் துணியில் தளர்வாக முடிந்து, நீரின் மேல்மட்டத்தில் மூழ்கும்படி தொங்கவிடுகிறோம். கரைந்த உப்புநீர் கனமானது. முடிச்சிலிருந்து மெல்லிய இழை இழையாகக் கீழே இறங்குவதை வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாலேயே பார்க்கலாம். அது இறங்க இறங்க, உப்புக் குறைந்த நீர் மேலே வந்து கல்லைத் தொடுகிறது. கலக்க ஆள் வேண்டாம். அதே உப்பு அடியில் கிடந்தால், தன்னைச் சுற்றிய உப்புநீரே அதற்குப் போர்வையாகி, மேற்கொண்டு கரைவதைத் தாமதப்படுத்தும். மண்ணும் தூசும் பெரும்பாலும் துணியோடு நின்றுவிடுகின்றன.

என்னை முழுமையாக இந்தப் பக்கம் சாய்த்தது வேறொன்று. மறுநாளும் முடிச்சில் உப்பு மிச்சம் இருந்தால், ஜாடியில் இருப்பது தெவிட்டிய கரைசல். அதற்கு மேல் அதில் உப்பு ஏறாது. ஆகவே அதிலுள்ள உப்பின் அளவு எப்போதும் ஒன்றுதான்: 100 மில்லியில் ஏறத்தாழ 31 கிராம். மார்கழிக் குளிரானாலும் சித்திரை வெயிலானாலும் இந்தக் கணக்கு நாக்குக்குத் தெரியும் அளவுக்கு மாறாது. பானைக்கு 300 மில்லி ஊற்றி ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். தராசும் வேண்டாம், கைப்பழக்கமும் வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஊற்றினாலும் முதல் டம்ளரும் கடைசி டம்ளரும் ஒரே சுவை. தூள் உப்பிலும் இப்படிச் செய்யலாம். ஆனால் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருளால் சில தூள் உப்புகளில் நீர் லேசாகக் கலங்குகிறது. துணி இடுக்கு வழியாகத் தூள் உதிர்ந்தும் விடுகிறது.

பராமரிப்பு சொற்பம். ஐப்பசி மழையில் கல் உப்பு கசிந்து ஜாடியெல்லாம் ஈரமாகும் தொல்லை கரைசலில் இல்லை. எவர்சில்வரில் மட்டும் வைக்காதீர்கள். நாள்பட்ட உப்புநீர் அதையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். கண்ணாடியோ பீங்கானோ நல்லது.

வீட்டுச் சமையலுக்கு நான் இன்னும் அயோடின் சேர்த்த தூள் உப்பைத்தான் வைத்திருக்கிறேன். பந்தலுக்கு வாங்கும் கல் உப்பிலும் பாக்கெட்டில் அயோடின் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தே வாங்குகிறேன். இட்லி மாவுக்குக் கரைசலை ஊற்றிப் பார்த்தோம், நன்றாகவே கலந்தது. ஊறுகாய்க்கு நான் முயன்றதில்லை. அதில் கூடுதல் நீர் சேருமே என்ற தயக்கம்தான்.