இடக்கையில் ஓட்டை, வலக்கையில் அப்பளம்: வெல்டிங் கையுறைகள் ஓர் ஒப்பீடு

மதுரை கப்பலூர் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் பட்டறை. தேய்ந்த கையுறைகளை எறிய மனமில்லாமல் ஒரு சாக்கில் போட்டு வைப்போம். போன சித்திரையில் அந்தச் சாக்கைத் தரையில் கொட்டிப் பார்த்தேன். எந்த ஜோடியும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கெட்டிருக்கவில்லை. இடக்கை உறைகளில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓட்டை விழுந்திருந்தது. வலக்கை உறைகளில் ஓட்டை இல்லை. ஆனால் புறங்கைப் பக்கத்துத் தோல் சுருங்கி, பொரித்த அப்பளமாக விறைத்துக் கிடந்தது.

யோசித்தால் காரணம் எளிது. வலக்கை, உருகி இணைப்பை நிரப்பும் ராடைக் கவ்விய ஹோல்டரைப் பிடித்துக்கொண்டு, இரும்பை உருக்கும் மின்தீயான ஆர்க்குக்கு மிக அருகில் நிற்கிறது. சூடெல்லாம் புறங்கையில் இறங்குகிறது. இடக்கை இரும்பைப் பிடிக்கிறது, புரட்டுகிறது, ஆறுவதற்குள் தூக்கவும் செய்கிறது. வேலை இரண்டு விதம், கடையில் விற்பதோ ஒரே விதம். அமெரிக்காவில் இடக்கை உறையை மட்டும் தனியாக விற்கிறார்கள். நம் ஊர்க் கடையில் அப்படிக் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். சரி, கிடைப்பவற்றையாவது ஒழுங்காக ஒப்பிடுவோம் என்று இறங்கினேன்.

முதலில், எல்லாப் பட்டறையிலும் தொங்கும் தடித்த மாட்டுத்தோல் உறை. முழங்கையில் பாதி வரை வரும் 14 அங்குல நீளம். பதனிட்ட தோலின் வழவழப்பான மேலடுக்கைச் செருப்புக்கும் பைக்கும் பிரித்து எடுத்த பிறகு மிஞ்சும் சொரசொரப்பான அடியடுக்குதான் இது. கடையில் ஸ்பிளிட் லெதர் என்பார்கள். விலை குறைவு, பொறிக்கு அஞ்சாது. கேஸ் கட்டிங்குக்கும் தலைக்கு மேலே பார்த்து வைக்கும் வெல்டிங்குக்கும் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் போட்டுக்கொண்டால் ஐந்து விரலும் ஐந்து வாழைக்காய். ராடு ஒன்றிரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அடுத்ததை எடுக்க உறையைக் கழற்ற வேண்டும். மூன்று முறை கழற்றி மாட்டியவன் நான்காம் முறை மாட்டுவதில்லை.

அடுத்தது, டிக் வெல்டிங்குக்கென்று, அதாவது உருகாத டங்ஸ்டன் முனையில் ஆர்க் எழுப்பி, கம்பியைத் தனியாக ஊட்டும் வெல்டிங்குக்கென்று வரும் ஆட்டுத்தோல் உறை. மெல்லியது, மாட்டுத்தோலைவிட இரண்டு மூன்று மடங்கு விலை. டிக்கில் பொறி அநேகமாகக் கிடையாது. இடக்கை விரல்கள் நிரப்புக் கம்பியை இழை இழையாக நகர்த்த வேண்டும், அதற்கு விரல்நுனியில் உணர்வு வேண்டும். எவர்சில்வர் கைப்பிடி வேலைக்கு இதைக் கொடுத்த நாளிலிருந்து எங்கள் மூத்த வெல்டர் திருப்பித் தரவில்லை. அதே உறையோடு ஒரு நாள் சாதாரண ஆர்க் வெல்டிங்கில் இறங்கியவருக்கு ஒரே மாலையில் விரல்நுனி கருகிவிட்டது.

இந்த இரண்டையும் கடைக்காரர் பேச்சை வைத்து ஒப்பிடக் கூடாது. ஐரோப்பாவில் இதற்கென்றே இ.என். 12477 என்று ஒரு தரநிலை உண்டு. கனமான உறை ஏ வகை, மெல்லியது பி வகை. உருகிய உலோகத் துளிகளை ஒவ்வொன்றாக விழவைத்து, உள்பக்கச் சூடு 40 டிகிரி ஏற எத்தனை துளி ஆகிறது என்று எண்ணுகிறார்கள். ஏ வகை குறைந்தது 25 துளி தாங்க வேண்டும், பி வகைக்கு 15 போதும். விரல் சோதனையில் நிலைமை தலைகீழ். மேசையில் கிடக்கும் உலோகக் குச்சியை உறையோடு எடுக்க வேண்டும்: பி வகையால் 6.5 மி.மீ. குச்சியை எடுக்க முடிய வேண்டும், ஏ வகை 11 மி.மீ. குச்சியை எடுத்தாலே தேர்ச்சி. நாங்கள் அன்றாடம் எரிக்கும் 3.15 மி.மீ. ராடு, மேல்பூச்சோடு சேர்த்தால்கூட அதில் பாதி பருமன்தான் தேறும். பையன்கள் ஏன் கழற்றுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. சோம்பேறிகள் என்று அவர்களைத் திட்டியதற்காக வருந்துகிறேன்.

அதே தரநிலையில் இன்னொரு கணக்கு என்னைத் தூக்கிவாரிப் போட்டது. சூடான பொருளைத் தொடுவதில் இரண்டு வகைக்கும் கட்டாயமாக்கப்பட்டிருப்பது 100 டிகிரியில் 15 வினாடி, அவ்வளவுதான். கொதிக்கும் தண்ணீரின் சூடு அது. வெல்டிங் முடிந்த கையோடு இருக்கும் இணைப்பு அதைப்போலப் பல மடங்கு சுடும். கையுறை என்பது பொறியையும் காந்தலையும் தடுக்க வந்தது. சுடும் இரும்பைத் தூக்கக் குறடுதான் வேண்டும். எங்கள் சாக்கில் இருந்த இடக்கை ஓட்டைகளில் பாதி, குறடு எடுக்க நான்கு எட்டு நடக்கச் சலித்ததால் வந்தவை.

நைலான் பின்னலின் மேல் ரப்பர் பூசிய உறைகளை இந்த வரிசையிலேயே சேர்க்கக் கூடாது. நைலான், வகையைப் பொறுத்து, 220 முதல் 260 டிகிரிக்குள் உருகி, நம் கைத்தோலோடு ஒட்டிக்கொள்ளும். தகடு இறக்கி ஏற்ற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கெவ்லர் போன்ற அராமிட் நூல் உறைகளின் கதை வேறு. கெவ்லர், டூபாண்ட் நிறுவனத்தில் 1965-இல் ஸ்டெபானி குவோலக் கண்டுபிடித்த இழை. உருகாது, கத்திக்கும் எளிதில் இளகாது. தகடு வெட்டுபவருக்குத் தோலைவிட இதுதான் உகந்தது. வெல்டருக்கு இதன் பின்னல் கண்களே எமன், பொறி உள்ளே புகுந்துவிடும். ஆர்க்கின் புறஊதா ஒளியிலும் இழை நாளாக ஆக வலுவிழக்கும். ஆனால் தையல் நூலாக, தோல் மடிப்புக்குள் மறைந்திருந்தால் அற்புதம். சாக்கில் இருந்த பல உறைகளில் தோல் நன்றாகவே இருந்தது, பருத்தி நூல்தான் கருகி வாய் பிளந்திருந்தது. ஆகவே வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது தோலை அல்ல, தையலை. இரண்டு துண்டுகளுக்கு நடுவே குறுகலான தோல் பட்டையை வைத்துத் தைத்திருந்தால் நூல் வெளியே தெரியாது. அப்படி இருந்தால் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

உள்துணிதான் மதுரைக்காரர்கள் அதிகம் யோசிக்க வேண்டிய இடம். பஞ்சுபோன்ற தடித்த உள்துணி குளிர் நாட்டில் வரம். கத்திரி வெயிலில், தகரக் கூரையின் கீழ், பத்து நிமிடத்தில் அது பிழிந்தெடுக்கும் துணியாகிவிடும். நனைந்த உறையில் சூடு பட்டால் உள்ளே ஆவி எழுந்து சுடும். மின்சாரத்துக்கும் ஈரம் நல்லதல்ல: ராடு தொடாத நேரத்தில் ஏ.சி. வெல்டிங் டிரான்ஸ்பார்மரின் முனையில் 80 வோல்ட் வரை நிற்கக்கூடும். உள்துணியே இல்லாத உறையோ காந்தலை நேராகக் கடத்தும். இரண்டுக்கும் நடுவே எனக்குப் பிடித்தது, புறங்கையில் மட்டும் பருத்தித் துணி, உள்ளங்கையில் வெறும் தோல். அத்தோடு ஆளுக்கு இரண்டு ஜோடி. ஒன்று கையில், ஒன்று நிழலில் காய.

டிரில்லிங் மெஷின், லேத் ஆகியவற்றின் முன்னால் ஒப்பீடே தேவையில்லை. அங்கே எந்த உறையும் கூடாது. சுழலும் முனை துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்தே இழுக்கும்.

இதையெல்லாம் சொல்லி, தோல் பை தைக்கும் அண்ணன் ஒருவரிடம் ஒரு ஜோடி தைக்கக் கொடுத்தேன். இடக்கைக்கு ஆட்டுத்தோல், ஓட்டை விழும் இடத்தில் இரட்டைத் தோல். வலக்கைக்கு மாட்டுத்தோல், புறங்கையில் பருத்தி. “ஏன் தம்பி, ஒரே ஜோடிக்கு இரண்டு தோலா? செருப்பில்கூட யாரும் இப்படிக் கேட்டதில்லை” என்றார். முதல் ஜோடியில் பிழை என்னுடையது. பொறி உள்ளே விழக் கூடாதென்று மணிக்கட்டை இறுக்கமாக வைக்கச் சொல்லிவிட்டேன். அப்படியும் ஒரு பொறி விழுந்தது. உறையை உதறிக் கழற்ற முடியாமல் நான் ஆடிய ஆட்டத்தைப் பட்டறையே பார்த்தது. இரண்டாம் ஜோடிக்கு வாய் அகலம், ஒரே உதறலில் கழன்றுவிடும். இரண்டு மாதமாக ஓடுகிறது. ராடு மாற்றும்போது இடக்கை உறையை யாரும் கழற்றுவதில்லை.

புதிதாகச் சேர்ந்த பையன் மட்டும் அதை மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். அவனுக்கு இடக்கைப் பழக்கம், ஹோல்டரையே இடக்கையில்தான் பிடிக்கிறான். அவனுக்காக எல்லாவற்றையும் மாற்றித் தைக்கச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.