பழைய வீட்டைப் பிரிக்கும்போது: 3டி ஸ்கேனா, எண் தகடா?

காரைக்குடிப் பக்கம் உள்ள குடும்ப வீட்டின் இரண்டாங்கட்டை, அதாவது முதல் முற்றத்துக்குப் பின்னால் உள்ள பகுதியைப் பிரித்து, அதன் தேக்கைப் புது வீட்டுக்குக் கொண்டுபோவதாக முடிவானது. எதை எப்படிக் கணக்கில் வைப்பது என்பதில் இரண்டு யோசனைகள் வந்தன. எங்கள் இன்ஜினீயர் போனிலேயே லைடார் (ஒளிக்கதிர் அனுப்பித் தூரத்தை அளக்கும் சென்சார்) வைத்து 3டி ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். மற்றொன்று, ஒவ்வொரு மரத்திலும் எண் அடித்த அலுமினியத் தகடு, பக்கத்தில் கியூஆர் ஸ்டிக்கர், விவரமெல்லாம் கூகுள் ஷீட்டில். இரண்டையும் செய்தோம். நான் தகட்டுக் கட்சி.

ஸ்கேனுக்குரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். 2020இல் வந்த ஐபோன் 12 ப்ரோ முதல் ப்ரோ மாடல்களில் லைடார் இருக்கிறது. சுமார் 5 மீட்டர் தூரம் வரை பிடிக்கும். பாலிகேம், ஸ்கேனிவர்ஸ் போன்ற செயலிகளில் ஓர் அறையைச் சுற்றி நடந்தாலே வடிவம் வந்துவிடும். எந்தத் தூண் எங்கே நின்றது, உத்திரம் எந்தச் சுவரில் உட்கார்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. வெளியூரில் இருக்கும் பங்காளிகளுக்கு லிங்க் அனுப்பினால் போதும், வாக்குவாதம் பாதி குறையும். பெல்ஜியம் கண்ணாடி, பளபளவென்று தேய்த்த சுவர் இவற்றின் முன்னால் மட்டும் ஸ்கேன் தடுமாறும்.

சிக்கல் மரத்தை அளக்கும்போதுதான். சிறிய பொருட்களில் ஒரு சென்டிமீட்டர் முன்னேபின்னே வருவது இந்த ஸ்கேனில் சாதாரணம். அறை அளவுக்கு அது ஒன்றுமில்லை. பழைய தேக்கு கன அடிக் கணக்கில் விற்கும் சரக்கு. அகலமும் தடிமனும் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். 6க்கு 4 அங்குலம், 12 அடி நீளம் என்றால் சரியாக 2 கன அடி. அகலத்திலும் தடிமனிலும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டினால் அதே கட்டை 2.34 கன அடி ஆகிவிடும், அதாவது 17 சதவீதம் அதிகம். டேப் பிடித்து அளந்தால் இந்த வம்பு இல்லை.

ஆனால் என்னைத் தகட்டின் பக்கம் இழுத்தது அளவு அல்ல, பராமரிப்பு. ஸ்கேன் எடுத்த வீடு, மரம் இறங்கிய அன்றே இல்லாமல் போகிறது. கொட்டகையில் அடுக்கிய கட்டைகளில் திரையில் பார்த்த உத்திரம் எது? ஸ்கேனுக்குத் தெரியாது. தகடு மரத்தோடு லாரியில் ஏறி, மரத்தோடு இறங்குகிறது. உ-14 என்ற உத்திரத்தை ஆசாரி இரண்டாக அறுத்தால், ஷீட்டில் உ-14-அ, உ-14-ஆ என்று இரண்டு வரி. கரையான் அரித்த முனை, உள்ளே நிற்கும் பழைய ஆணி, இப்போது எந்த அடுக்கில் கிடக்கிறது, புது வீட்டில் எந்த வாசல் நிலைக்குப் போகிறது, எல்லாம் அதே வரியில். ஆணிக்குக் கையடக்க மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். ரம்பப் பட்டறைக்காரர் வாழ்த்துவார். கியூஆர் வெயிலில் மங்கும், அதனால் தகட்டில் அடித்த எண்தான் உண்மையான அடையாளம். எந்தத் துண்டு எதோடு சேரும் என்று ஆசாரிமார் உளியால் கீறி வைக்கும் பொருத்துக்குறி செய்வதும் இதே வேலைதான்.

மிஞ்சிய மரத்தை விற்கும்போதும் இதுவே கைகொடுத்தது. வாட்ஸ்அப்பில் விசாரித்தவர்கள் கேட்டது டேப் வைத்த படமும் கன அடியும்தான். 3டி மாடலை யாரும் கேட்கவில்லை.

நெதர்லாந்தில் 2017இல் தொடங்கிய மடாஸ்டர் என்ற இணையத் தளம் கட்டடங்களுக்குப் பொருள் பாஸ்போர்ட் தருகிறது, அதாவது எந்தப் பொருள் எங்கே எவ்வளவு இருக்கிறது என்ற பதிவு. வரைபடமே கணினி மாடலாகப் பிறக்கும் புதுக் கட்டடத்துக்கு அது பொருந்தும். வரைபடமே இல்லாத நம் வீடுகளுக்கு அந்த வழி தூரம். இரும்புச் சட்டக் கட்டடங்களில் என் அனுபவம் பூஜ்யம். அங்கே ஸ்கேன் ஜெயிக்கலாம்.

தரையில் பதித்த ஆத்தங்குடிப் பூக்கற்களில் மட்டும் ஸ்கேன்தான். எந்தப் பூ எந்த வரிசையில், ஓரக்கல் எங்கே திரும்புகிறது என்று ஒவ்வொரு கல்லுக்கும் தகடு போட முடியாது. மேலிருந்து எடுத்த படத்தை அச்சிட்டுக் கட்டம் போட்டு, பெட்டிகளுக்கு எண் கொடுத்தோம். ஒன்று கவனம்: ஸ்கேன் காட்டும் சதுர அடி தரையில் இருப்பது, கைக்கு வருவது அல்ல. சிமென்ட் கலவையில் பதித்த கல் பெயர்க்கும்போது நிறையவே உடையும். ஓரமாக நாலு கல்லைப் பெயர்த்துப் பார்த்த பிறகு புது அறையின் அளவை முடிவு செய்யுங்கள்.