சும்மா நிற்கும் ஜென்செட்டும் அதன் பேட்டரியும்: பல வருட அனுபவம்

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன பிரசவ மருத்துவமனையில் பராமரிப்பு வேலை முழுக்க என் பொறுப்பு. 2015இல் வாங்கிய 25 கேவிஏ சைலண்ட் டீசல் ஜென்செட்டை (இரும்புப் பெட்டிக்குள் அடங்கிய ஜெனரேட்டரை) அன்றிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எந்தக் கம்பெனி செட் வாங்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். பெயர் பெற்ற எஞ்சின் எதை வாங்கினாலும் ஓடும், அதில் பெரிய வித்தியாசம் இல்லை. கரண்ட் போன அந்த நிமிஷத்தில் அது ஸ்டார்ட் ஆகுமா என்பதுதான் கேள்வி, அதற்கு பதில் பேட்டரியில் இருக்கிறது. எங்கள் செட் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணிய நேரங்களில் அநேகமாக எல்லாமே பேட்டரி அல்லது அதன் டெர்மினல் தகராறுதான்.

லாரி பேட்டரி தினமும் ஓட்டத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். ஜென்செட் பேட்டரிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. வாரக்கணக்கில் சும்மா நிற்கிறது, கன்ட்ரோல் பேனல் கொஞ்சம் கொஞ்சமாக கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கிறது, போதாததற்கு நம் ஊர் வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் சூட்டில் தானாகவே சார்ஜ் இறங்கும். இறங்கியபடியே விட்டால் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தட்டுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. அதனால் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜரை நிறுத்தி சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. நிறுத்தியவுடன் பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும், அதை நம்ப வேண்டாம். அதைவிட நல்ல சோதனை, செல்ஃப் (எஞ்சினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) அடிக்கும்போதே மீட்டரைப் பார்ப்பது. அப்போது 9.6க்குக் கீழே விழுந்தால், ஒன்று டெர்மினல் லூஸ், இல்லையென்றால் பேட்டரி மாற்றும் காலம் வந்துவிட்டது. பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், அரை நிமிஷமாவது விட்டு அடுத்த தடவை அடியுங்கள், இல்லாவிட்டால் மோட்டார் சூடேறிப் புகைந்துவிடும்.

செட்டோடு ஆரம்பத்தில் வைத்துக் கொடுத்த சார்ஜர் சாதாரண வகை, பேட்டரி நிறைந்த பிறகும் அதே வேகத்தில் ஏற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீர் சீக்கிரம் சீக்கிரமாக வற்றியது, பெட்டிக் கதவைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை. அந்த வாடை வந்தால் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிறது என்று பொருள், உடனே சார்ஜரை மெயினில் நிறுத்திவிட்டு, கதவைத் திறந்துவைத்துக் காற்றாட விட வேண்டும். நிறைந்ததும் தானாக 13.5 முதல் 13.8 வோல்ட்டில் நின்றுகொள்ளும் ஃப்ளோட் சார்ஜரை மாற்றிய பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. ஜென்செட்டுக்காகச் செலவழித்ததில் எனக்கு முழுத் திருப்தி தந்த செலவு இதுதான்.

இனி சொல்வதைத் தயவுசெய்து வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வருகிறது, காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். ஒருமுறை சர்வீஸுக்கு வந்த பையன் பாசிட்டிவ் நட்டை முதலில் கழற்றப் போனான். ஸ்பேனரின் மறுமுனை எஞ்சின் பாடியில் இடித்தது, பளீரென்று நெருப்பு, ஸ்பேனர் முனை உருகிப்போனது. அவன் கைக்கோ கண்ணுக்கோ ஒன்றும் ஆகவில்லை, அது அவன் நல்ல நேரம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ்தான் எஞ்சின் பாடியோடு சேர்ந்திருக்கிறது, அதைக் கழற்றிவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. சார்ஜர் ஸ்விட்சை அணைத்த பிறகே கிளிப்பில் கை வைக்க வேண்டும். மோதிரம், வாட்ச், காப்பு எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை. வேறு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்வதானால், கடைசி நெகட்டிவ் கிளிப்பை டவுனான பேட்டரியில் மாட்டாமல், பேட்டரியை விட்டுத் தள்ளி எஞ்சின் இரும்பில் மாட்டுங்கள்.

ஆசிட் விஷயத்திலும் அதே கவனம் வேண்டும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் பேட்டரி பக்கத்திலேயே தொங்கட்டும், தேடிப் போகிற தூரத்தில் வைத்தால் யாரும் போட மாட்டார்கள். கண்ணில் பட்டால் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிஷம் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு டாக்டரிடம் ஓட வேண்டும். தரையில் சிந்தினால் சமையல் சோடாவைத் தூவி, நுரை அடங்கியதும் கழுவலாம். பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும், கிணற்றுத் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஆகாது, ஆசிட்டும் ஊற்றக் கூடாது, ஏனென்றால் வற்றுவது தண்ணீர்தான். தட்டு மூழ்கியிருந்தால் முழு சார்ஜ் ஆன பிறகு ஊற்றுங்கள், முன்பே நிரப்பினால் சார்ஜில் பொங்கி வழியும். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுடுதண்ணீரும் சோடாவும் போட்டுத் துடைத்து, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள்.

எஞ்சின் பக்கம் ஆயில், கூலன்ட், பெல்ட், ஏர் ஃபில்டர் எல்லாம் மேனுவலில் இருப்பதுதான், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடவில்லையே என்று ஆயில் மாற்றாமல் மட்டும் விடாதீர்கள், மணிக்கணக்கு வராவிட்டாலும் வருஷம் ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும். மாதாந்திர ஓட்டம்தான் பலர் தப்பாகச் செய்வது. லோடு இல்லாமல் அஞ்சு நிமிஷம் ஓட்டி அணைப்பதால் கெடுதல்தான், ஸ்டார்ட் செய்ய எடுத்த சார்ஜ்கூடத் திரும்ப ஏறாது. லோடு இல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தால் டீசல் சரியாக எரியாமல் சைலன்சரில் கரி எண்ணெயாக ஒழுகும். மூன்றில் ஒரு பங்கு லோடாவது கொடுத்து அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். எங்கள் செட்டுக்கு அது ஆறேழு கிலோவாட், அதனால் அன்றைக்கு ஏசி எல்லாவற்றையும் போடச் சொல்லிவிடுவேன்.

இதெல்லாம் எதற்கு என்று 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. கம்பங்கள் சாய்ந்து ஊரே இருட்டில் கிடந்தபோது செட் ஓடியது. வார்டும் பிரசவ அறையும் அதை நம்பித்தான் இருந்தன. நாள்கணக்கில் ஓட்டும்போது இடையிடையே நிறுத்தி, ஆறவிட்டு, ஆயில் அளவு பார்த்துவிட்டுத்தான் திரும்பப் போட வேண்டும். டேங்க் காலியாகும் வரை விடக் கூடாது, டீசல் குழாயில் காற்று புகுந்து ஏர் லாக் ஆனால் கைப்பம்பை அடித்துக் காற்றை எடுக்கும் வரை இருட்டுதான். டேங்க் அடியில் சேரும் தண்ணீரை வாட்டர் செப்பரேட்டரில் வடிக்க மறக்காதீர்கள். மழை அடிக்கிறதே என்று ஜென்செட்டை வராண்டாவுக்கோ அறைக்கோ தள்ளிவிடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் (மெயின் லைனைத் துண்டித்து ஜென்செட்டுக்கு மாற்றும் ஸ்விட்ச்) இல்லாமல் பிளக் வழியாக வீட்டுக்குக் கரண்ட் கொடுத்தவர்களை அந்தப் புயலில் பார்த்தேன், நேரில் போய்ச் சொன்னேன். அந்தக் கரண்ட் பின்பக்கமாக டிரான்ஸ்பார்மருக்குப் போய் உயர் அழுத்த லைனில் ஏறும். வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்து, நம் தெருவுக்காக ராத்திரி பகலாக வேலை செய்துகொண்டிருந்த லைன்மேன்கள் அந்தக் கம்பியில்தான் கை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பேட்டரி ஆயுள் எங்கள் இடத்தில் மூன்று நான்கு வருஷம் வருகிறது. செல்ஃப் லேசாக இழுக்க ஆரம்பித்ததுமே, ஐப்பசி மழை தொடங்கும் முன் மாற்றிவிடுகிறேன். பழையதைப் புதிது வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள், 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படியும் பழையது மறுசுழற்சிக்குத்தான் போய்ச் சேர வேண்டும். தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டாம், ஆசிட்டைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள்.