தோப்புக்குள் தெரிந்த வித்தியாசம்: பழைய ஜிபிஎஸ்ஸை விட்டு இட்ரெக்ஸ் 32எக்ஸுக்கு மாறிய அனுபவம்

ஜியோகேச்சிங் என்பது, ஒருவர் ஒளித்துவைத்த டப்பாவை (அதைத்தான் கேச் என்போம்) அதன் கோஆர்டினேட்டை, அதாவது அட்சரேகை தீர்க்கரேகை எண்களை, வைத்துத் தேடும் விளையாட்டு. அதற்கு வைத்திருக்கும் பழைய ஜிபிஎஸ்ஸை மாற்றலாமா என்று யோசிக்கிற மதுரைப் பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். யானைமலையின் மொட்டைப் பாறை மேல் நின்று பழைய கருவியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. தலைக்கு மேல் முழு வானமும் திறந்திருந்தால் இருபது வருஷத்துக்கு முந்தைய ரிசீவரும் சில மீட்டருக்குள் சரியாகவே சொல்லும். வித்தியாசம் தெரிவது அழகர்மலை அடிவாரத்து மாந்தோப்பிலும், சிறுமலைச் சரிவிலும், நாகமலையின் பாறை இடுக்குகளிலும்தான்.

முன்பு என்னிடம் இருந்தது பன்னிரண்டு சேனல் காலத்துக் கருவி, அதாவது ஒரே நேரத்தில் பன்னிரண்டு செயற்கைக்கோள்கள் வரைதான் பிடிக்கும். கறுப்பு வெள்ளைத் திரை, வரைபடம் கிடையாது, கம்ப்யூட்டரோடு இணைக்க ஒன்பது ஊசி சீரியல் கேபிள். இந்த விளையாட்டு பிறந்ததே அந்தத் தலைமுறைக் கருவிகளை நம்பித்தான். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் கோஆர்டினேட்டை இணையத்தில் போட்டார். அதனால் அந்தக் கருவிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் மரத்தடிக்குப் போனதும் அது திணறும். ஈர இலைகள் சிக்னலை உறிஞ்சிவிடும். மிச்சம் வருவதைப் பிடிக்கிற அளவுக்கு அந்தக் கால ரிசீவருக்குக் கூர்மை கிடையாது. தோப்புக்கு வெளியே வெட்டவெளியில் நின்று தூரத்தையும் திசையையும் குறித்துக்கொண்டு, உள்ளே காந்த ஊசியைப் பார்த்துக் காலடி எண்ணி நடப்போம். அதிலும் ஒரு சுகம் இருந்தது. அப்புறம் 2019 ஏப்ரல் வந்தது. ஜிபிஎஸ் அனுப்பும் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். அன்றைக்கு என் கருவியில் தேதி 1999 ஆகஸ்ட்டுக்குப் போய்விட்டது. இடத்தைச் சரியாகத்தான் காட்டியது, ஆனால் நடந்த தடங்களில் எல்லாம் தப்பான வருஷம் பதிவானது. மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தது அப்போதுதான்.

வாங்கியது கார்மின் இட்ரெக்ஸ் 32எக்ஸ். இது ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களையும் பிடிக்கும். ஒரு பக்கம் மலை மறைத்தாலும் மீதி வானத்தில் போதுமான எண்ணிக்கை கிடைக்கிறது. மாந்தோப்புக்குள் சிக்னல் அறுந்துபோகிற தொல்லை எனக்கு ஏறக்குறைய ஒழிந்தது. பாறைச் சுவரை ஒட்டி நின்றால் மட்டும் இன்றும் எண்கள் குதிக்கும். சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் இப்படி ஆகிறது. இரண்டு எட்டு வெளியே வந்து, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

நான் அதிகம் பாராட்டுவது இதில் உள்ள மின்னணுத் திசைகாட்டியை. பழைய கருவி, நாம் நடக்கிற போக்கை வைத்துத்தான் திசையைக் கணித்தது. நின்றால் அம்புக்குறி இஷ்டத்துக்குச் சுற்றும். கேச் தேடும்போது கடைசிப் பத்து மீட்டரில் நாம் நிற்கத்தானே செய்வோம்? முள்ளுக்கு நடுவில் நின்று, ‘எந்தப் பக்கம்’ என்று கேட்கிற அந்த நேரத்தில்தான் பழையது கைவிடும். இதில் நின்ற இடத்திலேயே அம்பு சரியாகத் திரும்புகிறது. பேட்டரி மாற்றிய பிறகு ஒருமுறை திசைகாட்டியைச் சரிபார்ப்பது அவசியம். காந்த மூடி உள்ள போன் உறையைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது.

அந்தக் கடைசிப் பத்து மீட்டர் பற்றி இன்னொன்று. கோஆர்டினேட்டில் நிமிடத்தின் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) மூன்றாம் தசம இலக்கம் ஒன்று மாறினால், நம் ஊரில் அது சுமார் 1.8 மீட்டர். அதாவது கடைசி இலக்கம் நாலைந்து முன்னே பின்னே ஆடினால் ஏழிலிருந்து ஒன்பது மீட்டர். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்த ஆட்டம் முழுசாகப் போகாது. அந்த வட்டத்துக்குள் வந்ததும் கருவியை இடுப்பில் மாட்டிவிட்டு, நானே ஒளிப்பதாக இருந்தால் எங்கே வைப்பேன் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

காகிதம் சுமப்பதும் போய்விட்டது. முன்பு கேச் விவரத்தை அச்செடுத்துப் போவோம். பெயரை ஆறு எழுத்துக்குள் சுருக்கிப் பொத்தானை அமுக்கி அமுக்கி ஏற்றுவோம். இப்போது கேச் விவரங்கள் அடங்கிய ஜிபிஎக்ஸ் என்ற வகைக் கோப்பை ஏற்றினால் விவரம், குறிப்பு, முன்பு தேடியவர்கள் எழுதியது எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. மினி யுஎஸ்பி கேபிள்தான் வேண்டும். ஒன்றைப் பையிலேயே போட்டுவையுங்கள். பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலில் செய்த இலவச வரைபடத்தை மெமரி கார்டில் போட்டிருக்கிறேன். மேலூர்ப் பக்கம் கண்மாய்க் கரைகள்கூட அதில் வருகின்றன.

போன் இருக்கும்போது இது எதற்கு என்று பலரும் கேட்பார்கள். தொடங்குகிறவர்களுக்குப் போனே போதும். ஆனால் சித்திரை வெயிலில் பாறை மேல் போன் திரை கண்ணுக்கே தெரியாது, சூடேறி அணைந்தும் போகும். இதன் திரை 2.2 அங்குலம்தான் என்றாலும் வெயில் பட்டால் இன்னும் தெளிவாகிறது. தொடுதிரை கிடையாது. வியர்வைக் கையோடு ஏறுகிற எனக்குப் பொத்தானே வசதி. இரண்டு டபுள் ஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும் என்கிறது கம்பெனிக் கணக்கு. ரீசார்ஜ் பேட்டரி போட்டால் அமைப்பில் அந்த வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் மீதி அளவைத் தப்பாகக் காட்டும்.

நீங்களே கேச் வைப்பதாக இருந்தால், ஒரே இடத்தில் பலமுறை அளந்து சராசரி எடுக்கிற வசதி இதில் இருக்கிறது. கட்டாயம் பயன்படுத்துங்கள், அவசரமாக எடுத்த ஒரே அளவை நம்பி அடுத்தவர் வெயிலில் அலையக் கூடாது. தோப்புக்காரரிடம் அனுமதி வாங்கி வையுங்கள், மண்ணைத் தோண்டாதீர்கள். கீழக்குயில்குடி சமணர் மலையிலோ, யானைமலையின் சமணச் சிற்பங்கள் பக்கமோ, 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியிலோ டப்பா எதையும் வைக்கவே கூடாது. அந்த மாதிரி இடங்களுக்கு எர்த்கேச் என்ற வகை இருக்கிறது: அங்கே ஒளித்துவைத்த பொருள் எதுவும் இருக்காது, பாறையையும் நிலத்தையும் நேரில் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். நிலத்தின் உரிமையாளர் அல்லது பொறுப்பில் உள்ள துறை சம்மதித்தால் மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு அந்த வகைதான் பொருத்தம்.