திறப்புச் சோடியோடு ஐந்து வருடம்

2020 மார்ச், ஊரடங்கு. இலக்கத்தைத் தமிழ்ச் சொல்லாக மாற்றும் சின்ன ஜாவா லைப்ரரி ஒன்றை, ஜாவா லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரலில் போட வெளிக்கிட்டேன். டிஜிட்டல் கையெழுத்து இல்லாத ஜார் கோப்பை, அதாவது லைப்ரரிப் பொதியை, அங்கே ஏற்கமாட்டார்கள். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் வீட்டு விறாந்தையில் இருந்தபடியே, கையெழுத்திடும் மென்பொருளான ஜிபிஜியில் 4096 பிட் ஆர்எஸ்ஏ திறப்புச் சோடி ஒன்றைச் செய்தேன். கையெழுத்தைச் சரிபார்க்கும் பொதுத் திறப்பு, எவரும் எடுக்கக்கூடிய கீசேர்வருக்குப் போனது, கையெழுத்திடும் இரகசியத் திறப்பு லாப்டொப்பில் இருந்தது. காலாவதி இரண்டு வருடம் என்று போட்டது மட்டும் மறந்துபோனது.

கையெழுத்திடும் வேலையில் இன்றுவரை குறை இல்லை. பாஸ்வேர்டைக் கொடுத்தால் ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் கையெழுத்து அடங்கிய ஓர் ஏஎஸ்சி கோப்பு வந்துவிடும். கரைச்சல் எல்லாம் திறப்பைப் பேணுவதில்தான்.

2022 மார்ச் கடைசி. நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் இல்லை. வந்த நேரத்தில் அவசரமாகப் புதுப் பதிப்பை ஏற்றப் போனால், பயன்படுத்தத்தக்க இரகசியத் திறப்பு இல்லை என்றது. பதறிவிட்டேன். உண்மையில் புதுத் திறப்புத் தேவையில்லை, பழையதன் காலாவதித் திகதியைத் தள்ளிவைத்தால் போதும். தள்ளிவைத்தேன். ஆனால் திருத்திய பொதுத் திறப்பைக் கீசேர்வருக்குத் திரும்ப அனுப்ப மறந்துவிட்டேன். கொழும்பிலிருந்து ஒருவர் எழுதினார்: "கையெழுத்துச் சரி, திறப்புக் காலாவதி என்று வருகுது அண்ணை." இந்த ஐந்து வருடத்தில் என் கையெழுத்தைப் பற்றி வந்த மெயில் அது ஒன்றுதான். தரவிறக்கும்போது மேவன் தானாகக் கையெழுத்தைச் சரிபார்ப்பதில்லை. ஆட்கள் எங்கே பார்க்கப் போகிறார்கள்? பைதன் லைப்ரரிகளின் களஞ்சியமான பைபிஐ 2023 மே மாதம் இதே வகையான பிஜிபி கையெழுத்தையே கைவிட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

2024 மார்ச்சில் திரும்பவும் திகதியைத் தள்ளிவைத்த கையோடு கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் யாரோ களவாகப் பின்கதவு வைத்த விவகாரம் வெளிவந்தது. பின்கதவு வைத்த பொதிகளில் இருந்தது பராமரிப்பாளரின் செல்லுபடியான கையெழுத்துத்தான். உறுதியில் நொத்தாரிசின் கையெழுத்து இருந்தால் கிணறு நல்ல தண்ணிக் கிணறாகிவிடுமா? ஆனாலும் உறுதி இல்லாமல் காணி வாங்கமாட்டோமே. அதனால் நானும் விடவில்லை.

அப்புறம் பேக்கப். இரகசியத் திறப்பைக் கடதாசியில் வைக்கலாம் என்று பிறின்ற் கடைக்குப் போனேன். "வட்ஸ்அப்பில அனுப்புங்கோ தம்பி, எடுத்துத் தாறன்" என்றார் கடைக்காரர். ஒரு ரீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். இப்போது திறப்பு இரண்டு பென் டிரைவில், இரண்டு வீட்டில். திறப்பை ரத்துச் செய்யும் சான்றிதழை மட்டும் நண்பனின் பிறின்ரரில் அடித்து, அலுமாரியில் காணி உறுதிகளோடு வைத்திருக்கிறேன். போன கிழமை அலுமாரியை ஒதுக்கிய அம்மா அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது எந்தக் காணியின்ர?"